மேற்குக் கரையில் ஒரு தை மாத நடை

டென்மார்க்கில் குளிர் தொடங்கினால் நம்மவர் வீடுகளில் யன்னற் சீலைகள் விலகுவதில்லை. வேலை, பாடசாலை, கடை. மிச்ச நேரமெல்லாம் ஹீற்றருக்குப் பக்கத்தில். புதிதாக வந்திருக்கும் குடும்பங்களுக்குச் சொல்கிறோம்: ஹேர்னிங்கிலிருந்து காரில் ஏறக்குறைய ஒரு மணித்தியாலம் மேற்கே போனால் வடகடல். அதைக் குளிர்காலத்திற்தான் பார்க்கவேண்டும்.

2023 தையில் எம்மைக் கிளப்பியது ஒரு நாய். அயல்வீட்டு டெனிஷ்காரர் மூன்று நாளுக்கு எம்மிடம் விட்டுப்போனது. மாமி அதை விறாந்தை தாண்ட விடவில்லை. ஆனால் கடற்கரை என்றதும் முதலில் சப்பாத்துப் போட்டவர் மாமிதான். மயிலிட்டியில் பிறந்தவர், 1990 இல் ஊரைவிட்டு ஓடியவர். 2017 இல் மயிலிட்டித் துறைமுகம் விடுவிக்கப்பட்டபோது இங்கே எம்மோடு இருந்தார்.

மீன்பிடித் துறைமுகமான வீட சான்டவில் காரை விட்டு வடக்கே நடந்தோம். ஒக்டோபர் முதல் மார்ச் முடியும்வரை இங்கே கடற்கரையில் நாயை அவிழ்த்துவிடலாம், சொல்லுக்குக் கட்டுப்பட்டால் சரி. ஏப்ரல் 1 இலிருந்து செப்டம்பர் 30 வரை கயிறு கட்டாயம். இரண்டாம் உலகப்போரில் ஜேர்மனியர் கட்டிய கொங்கிறீற் கட்டடங்கள் இந்தக் கரை நெடுகக் கிடக்கின்றன. டெனிஷிலும் அவற்றுக்குப் பெயர் பங்கர்தான். மாமிக்கு மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை.

கடற்பாசியைத் தடியால் கிளறிக்கொண்டு நின்ற ஒரு கிழவரிடம் நாய் ஓடியது. அவர் முதலில் நாயோடு கதைத்தார், பிறகு எம்மோடு. இந்நாட்டில் நாயில்லாமல் மூன்று வருடம் ஒரே பஸ்ஸில் போனாலும் பக்கத்துச் சீற்காரர் வாய் திறக்கமாட்டார்.

அவர் தேடியது அம்பர், டெனிஷில் 'ராவ்'. ஏறக்குறைய 4 கோடி ஆண்டுகளுக்கு முந்திய மரப்பிசின். புயல் கடலடியைக் கலக்கிவிட்டு ஓய்ந்தபின் பாசியோடும் கரிய மரத்துண்டுகளோடும் ஒதுங்கும். கடுமையான உப்புத் தண்ணீரில் அம்பர் மிதக்கும், கல் தாழும்.

முன்பு கடற்றொழில் செய்தவராம். இதைக் கேட்டதும் மாமி விடவில்லை. "இந்தக் காத்துக்குத் தொழிலுக்குப் போறவையோ எண்டு கேளுங்கோ." மேற்குக் காற்று இறுகினால் வள்ளங்கள் கட்டிக் கிடக்கும் என்றார் அவர். "வாடைக்கு எங்கட கரையும் உப்பிடித்தான்" என்றார் மாமி. அரை மணித்தியாலம் இருவரும் வலை, காற்று, மீன்விலை என்று கதைக்க, நாம் நடுவில் நின்று மொழிபெயர்த்து விறைத்தோம். 'உங்கள் ஊரில் இப்போது யார் தொழில் செய்கிறார்கள்?' என்று அவர் கேட்டார். மாமி கடலைப் பார்த்தபடி, "திரும்பிப் போன சனம் செய்யுது" என்றார்.

போகும்போது அவர் கடலை விதையளவு அம்பர் ஒன்றை மாமியின் கையில் வைத்தார். மாமி ஜக்கெற்றுக்குள் கையைவிட்டு முந்தானையில் முடிந்துகொண்டார்.

வீட்டில் உப்பைக் கரைத்துப் போட்டுப் பார்த்தோம். மிதந்தது. இப்போது சாமித்தட்டில் இருக்கிறது. அன்றிரவு நாய்க்குச் சோறும் மீனும் மாமியே வைத்தார், விறாந்தையில்தான்.