பென்ஸ் பிறந்த ஊரில் டிராம் வண்டி

எங்கள் மூத்த மகனுக்குக் கார்ப் பித்துப் பிடித்தது அவனுடைய ஏழாவது வயதில். திருச்சியில் நான் இயற்பியல் ஆசிரியனாகப் பணியாற்றிய நாளில், மருத்துவர் ஒருவரிடமிருந்து வாங்கிய 1989-ஆம் ஆண்டுப் பத்மினி கார் ஒன்று எங்களிடம் இருந்தது. ஸ்டீயரிங்கை ஒட்டியே கியர்த் தண்டு அமைந்த பழைய வண்டி. மற்றப் பிள்ளைகள் பந்தைத் தூக்கிக்கொண்டு ஓடும் வேளையில் இவன் அதன் அடியில் படுத்துக் கிடப்பான். பதினான்கு வயதிலேயே கார்புரேட்டரைக் கழற்றிக் கழுவி மீண்டும் பூட்டக் கற்றுக்கொண்டான். ஞாயிறு திருப்பலிக்கென்று அவன் தாய் சலவை செய்து வைத்த வெள்ளைச் சட்டைகள் எத்தனையோ கிரீசுக்கு இரையாயின.

ஆகவே, 2021-ஆம் ஆண்டில் அவன் மேற்படிப்புக்கு ஜெர்மனியிலுள்ள கார்ல்ஸ்ரூ நகரைத் தேர்ந்தெடுத்தபோது எங்களுக்கு வியப்பு உண்டாகவில்லை. மோட்டார் காரின் தந்தை எனப் போற்றப்படும் கார்ல் பென்ஸ் 1844-இல் பிறந்தது, இன்று அந்நகரின் ஒரு பகுதியாகிவிட்ட மூல்புர்க்கில். அவர் பயின்ற பாலிடெக்னிக்தான் பின்னாளில் அங்குள்ள பல்கலைக்கழகமாக வளர்ந்தது. "பென்ஸ் படித்த இடத்தில் நானும் படிக்கப் போகிறேன், அப்பா" என்று தெருவெல்லாம் சொல்லிவிட்டுப் புறப்பட்டான். போனதும் பழைய கார் ஒன்று வாங்குவதாகத் திட்டம். அதற்காக நானும் இரண்டு இலட்சம் ரூபாயைத் தனியே எடுத்து வைத்துக் காத்திருந்தேன். அவன் கேட்கவேயில்லை.

2023-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஒரு நாள் தொலைபேசியில் பேசினான். "அப்பா, எனக்கு இங்கே கார் வேண்டாம். நம் பத்மினியையும் விற்றுவிடுங்கள். நான் இரயில் வண்டிப் பாடங்களை எடுத்திருக்கிறேன்." அவ்வளவுதான். அன்றிரவு நானும் என் மனைவியும் உறங்கவில்லை. கடனோ, நோயோ, வேறு ஏதேனும் மனத்துயரோ? தூர தேசத்தில் இருக்கும் பிள்ளையைப் பற்றிப் பெற்றவர் நெஞ்சம் நினைத்துப் பாராத தீமை ஏது! போதாக்குறைக்கு, பெரிய கார்க் கம்பெனியில் வேலைக்குச் சேரப்போகிறான் என்று உறவினரிடமெல்லாம் பெருமையடித்து வைத்திருந்தோம். கடைசியில், அவனுடைய காருக்கென்று வைத்த பணமே எங்களுடைய விமானச் சீட்டாயிற்று. அவ்வாண்டு ஜூன் மாதம் போய்ச் சேர்ந்தோம்.

கார்ல்ஸ்ரூ பழம்பெரும் நகரன்று. 1715-இல் கார்ல் வில்ஹெல்ம் என்னும் சிற்றரசர் காட்டின் நடுவே தமக்கோர் அரண்மனை எழுப்பி, அதன் கோபுரத்தை மையமாக வைத்து 32 பாதைகளை நாற்புறமும் கதிர்களைப் போல் விரித்தார். தென்புறக் கதிர்களின் இடையே ஊர் எழுந்தது. விரித்த விசிறியொன்றைக் கையில் பிடித்தாற்போல் இருக்கும். அவருடைய கல்லறையின் மேல் நிற்கும் பிரமிடு இன்றும் சந்தைச் சதுக்கத்தின் நடுவே உள்ளது. ஹெர்ட்ஸ் மின்காந்த அலைகளைக் கண்டறிந்ததும் இவ்வூரில்தான் என்பதால், முப்பது ஆண்டுகள் அப்பாடத்தை நடத்திய எனக்குப் பல்கலைக்கழக வளாகத்தில் நடந்தபோது சற்றே மெய்சிலிர்த்தது. மகனும் மனைவியும் பொறுமையோடு காத்திருந்தார்கள்.

எங்கள் பையன் நலமாகவே இருந்தான். முன்னைவிடச் சதையும் போட்டிருந்தான். பின் ஏன் கார் வேண்டாம் என்றான்? முதற்காரணம் பணம். இந்திய ஓட்டுநர் உரிமம் அந்நாட்டில் குடியேறிய பின் ஆறு மாதமே செல்லும். அதன் பிறகு எழுத்துத் தேர்வும் ஓட்டுந் தேர்வும் எழுதித் தேறவேண்டும். அதற்கே பெருஞ்செலவு ஆகிவிடும். காப்பீடும் பனிக்காலத்து டயர்களும் வேறு. ஐரோப்பிய ஒன்றியத்தைச் சேராத மாணவர்களிடம் அம்மாநிலம் 2017 முதல் அரையாண்டுக்கு 1,500 யூரோ கட்டணமும் பெற்று வருகிறது. இத்தனைக்கும் நடுவே காருக்கு எங்கே போவான்? வேறு வழியின்றி டிராமில் ஏறினான். ஏறியவன் அதன் அடியில் என்ன இருக்கிறது என்று குனிந்து பார்த்திருக்கிறான். பழைய பித்துத்தான், வண்டி மட்டும் மாறிவிட்டது!

அவன் எனக்கு விளக்கிய விதத்தை இங்கே சுருக்கமாகச் சொல்கிறேன். கார்ல்ஸ்ரூவின் பெரிய இரயில் நிலையம் 1913-இல் ஊரின் தெற்கே புதிய இடத்துக்கு மாற்றப்பட்டது. கடைத்தெருவிலிருந்து சுமார் இரண்டு கிலோமீட்டர் தொலைவு. சுற்றுப்புறச் சிற்றூர்களிலிருந்து இரயிலில் வருவோர் அங்கே இறங்கி, மறுபடி டிராமுக்குக் காத்து நிற்கவேண்டும். இந்தத் தொல்லைக்கு அஞ்சியே பலர் கார் வைத்துக்கொண்டார்கள். இரண்டு தண்டவாளங்களும் ஒரே அகலம். எனில், டிராமே இரயில் பாதையில் ஏறிச் சிற்றூர் வரை ஓடினால் என்ன? கேட்பதற்கு எளிது. டிராமுக்கு 750 வோல்ட் நேர் மின்சாரம். ஜெர்மன் இரயிலுக்கோ 15,000 வோல்ட் மாறு மின்சாரம். தெருவில் பதித்த தண்டவாளத்துக்கு ஏற்ற சக்கரம் இரயில் பாதையின் பிரிவுகளில் இடறும். இரு மின்சாரத்தையும் ஏற்கும் வண்டியையும், இரு பாதைக்கும் பொருந்தும் சக்கரத்தையும் வடிவமைத்து, 1992 செப்டம்பர் 25 அன்று பிரெட்டன் என்னும் ஊர் வரை முதல் சேவையைத் தொடங்கினார்கள். பின்னர் உலகின் பல நகரங்கள் அதைப் பார்த்துச் செய்தன. "காரைவிட இதில் வேலை அதிகம், அப்பா" என்றான் மகன். அவன் முகத்தில் பதினான்கு வயதுக் களையைக் கண்டேன்.

ஒரு சனிக்கிழமை எங்களை ஃபோர்ட்ஸ்ஹைம் நகருக்கு அழைத்துச் சென்றான். அந்த வண்டி பென்ஸ் பிறந்த மூல்புர்க்கின் வழியாக வந்து, நகரைக் கடந்து, அவருடைய மனைவி பெர்த்தா பிறந்த ஊரில் கொண்டுபோய் விடுகிறது. துர்லாக் தாண்டியதும் தெரு டிராம் இரயிலாக மாறும் இடத்தைக் காட்டினான். சில நொடிகள் மின்சாரத்தின் இழுப்பின்றி வண்டி தன் வேகத்திலேயே உருண்டது. பிறகு வேறு குரலில் முனகிக்கொண்டு விரைந்தது. அருகிலிருந்த பெண்மணி பின்னிக்கொண்டிருந்த கம்பளியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

பெர்த்தாவின் கதையை வழியில்தான் என் மனைவி கேட்டாள். 1888 ஆகஸ்டில், பிள்ளைகள் இருவரையும் ஏற்றிக்கொண்டு, கணவரிடம் சொல்லாமலே அவருடைய மூன்று சக்கர மோட்டார் வண்டியில் மன்ஹைமிலிருந்து தாய்வீட்டுக்குப் புறப்பட்டார் அந்த அம்மையார். நூறு கிலோமீட்டருக்கு மேல். அதுவரை அத்தனை தூரம் மோட்டாரில் எவரும் போனதில்லை. எரிபொருள் தீர்ந்தபோது வீஸ்லோக் என்னும் ஊரில் மருந்துக் கடையில் வாங்கி ஊற்றினார். குழாய் அடைத்தபோது தொப்பி ஊசியால் குத்தித் திறந்தார். மேட்டில் பிள்ளைகள் இறங்கித் தள்ளினார்கள். மேடேற இன்னொரு கியர் வேண்டும் என்ற யோசனையும் அந்தப் பயணத்தில் பிறந்ததே. எங்கள் டிராம் ஓடிய பள்ளத்தாக்கின் வழியாகத்தான் அவர் போயிருக்கிறார். "புருஷனிடம் சொல்லாமலா?" என்று இரண்டு முறை கேட்டாள் என் மனைவி. நான் அதைப் பெரிதாக எண்ணவில்லை.

அடுத்த செவ்வாய்க்கிழமை, மகன் வகுப்புக்குப் போயிருந்தான். நான் நண்பகலில் கண்ணயர்ந்துவிட்டேன். விழித்துப் பார்த்தால் மனைவியைக் காணோம். மொழி தெரியாத ஊர். இரு முழங்காலும் தேய்ந்தவள். கைப்பேசியை மேசையின் மேலேயே வைத்துவிட்டுப் போயிருந்தாள். துர்லாக்கின் தெருக்களில் நான் பட்ட பாட்டை இறைவன் அறிவார். இரண்டரை மணி நேரத்துக்குப் பின், டிராமிலிருந்து, ஒரு கையில் தக்காளிப் பையோடு இறங்கி வந்தாள். நகர நடுவிலுள்ள புனித ஸ்தேவான் ஆலயத்துக்குப் போய், மெழுகுவர்த்தி ஏற்றிச் செபித்துவிட்டு, சந்தையையும் பார்த்து வந்தாளாம்.

"ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போகக்கூடாதா?" என்று இரைந்தேன்.

"அந்த அம்மா சொல்லிக்கொண்டா போனாள்?" என்று சிரித்தாள். பிறகு சிரிப்பு அடங்கிச் சொன்னாள்: "யாரையும் எதிர்பார்க்காமல் நானாக ஓர் இடத்துக்குப் போய் வந்து எத்தனை வருஷம் ஆயிற்று தெரியுமா உங்களுக்கு?"

எனக்குச் சுருக்கென்றது. வீட்டில் கார் இருக்கிறது, அவளுக்கு என்ன குறை என்றே பதினைந்து ஆண்டுகளாக நினைத்திருந்தேன். புத்தூரிலுள்ள தங்கையைப் பார்க்க வேண்டுமானால் என் ஓய்வு வேளைக்கு அவள் காத்திருப்பாள். எனக்குத் தலைவலி என்றால் அந்த வாரம் தங்கை இல்லை. பஸ் படியில் அவள் முழங்கால் ஏறாது. இங்கேயோ, பெரும்பாலான நிறுத்தங்களில் நடைமேடையும் வண்டியின் தளமும் ஒரே மட்டம். கோலை ஊன்றி நடந்தே உள்ளே போய்விடலாம். அந்தத் தனி மனுஷியின் பயணத்துக்கு வேண்டியிருந்ததெல்லாம் மாதச் சீட்டு ஒன்றுதான். ஜெர்மனி முழுவதும் உள்ளூர் வண்டிகளில் செல்லுபடியாகும் அந்தச் சீட்டு, அவ்வாண்டு மே மாதத்தில்தான் 49 யூரோ விலையில் அறிமுகமாகியிருந்தது. பின்னர் விலையை உயர்த்திவிட்டார்கள்.

அதன்பின் அவள் நாள்தோறும் புறப்பட்டாள். கடைத்தெருவின் அடியில் 2021 டிசம்பரில் திறக்கப்பட்ட சுரங்கப்பாதை அவளுக்கு மிகவும் பிடித்துவிட்டது. தோண்டத் தொடங்கியது 2010-இல். செலவோ முதல் மதிப்பீட்டைப்போல் இரு மடங்கைக் கடந்துவிட்டது. வீண் செலவு என்போர் அவ்வூரிலேயே உண்டு. கணக்கைக் கேட்டபோது எனக்கும் அப்படித்தான் தோன்றிற்று. ஆனால் அதன் ஏழு நிலையங்களிலும், மார்க்குஸ் லூப்பெர்ட்ஸ் என்னும் கலைஞர் தொடக்கநூலின் படைப்பு வரலாற்றைச் சுட்ட களிமண்ணில் பதினான்கு பெரிய பலகைகளாகச் செய்து வைத்திருக்கிறார். புரியாத உருவங்களாக எனக்குப் பட்டவற்றின் முன் என் மனைவி நின்று, இது இன்ன நாள், அது இன்ன நாள் என்று தனக்குத் தானே கண்டுபிடித்துக்கொண்டாள். நான் குனிந்து தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

புறப்படும் நாளில் மகனிடம் பத்மினியைப் பற்றிக் கேட்டேன். "விற்கச் சொன்னது கட்டணத்துக்காகத்தான் அப்பா. வேண்டாத வண்டி என்று சொல்லவில்லையே" என்றான். அதைச் சொல்லும்போது அவன் என் முகத்தைப் பார்க்கவில்லை. கட்டணத்துக்கு வேறு ஏற்பாடு செய்தேன்.

திருச்சிக்குத் திரும்பிய பின் முதல் ஞாயிறு காலை, காரை வெளியே எடுத்து ஒலியெழுப்பினேன். மனைவி வரவில்லை. கையில் ஒரு சிறு மரப் பலகையோடு தெருமுனை பஸ் நிறுத்தத்தில் நின்றுகொண்டிருந்தாள். படிக்குக் கீழே பலகையைப் போட்டு ஏற முயன்றாள். நடத்துனர் முதலில் முணுமுணுத்தார்; பிறகு இறங்கிவந்து கைகொடுத்து ஏற்றிவிட்டு, பலகையையும் எடுத்து உள்ளே வைத்தார். ஏறியபின் திரும்பி என்னைப் பார்த்தாள். நான் காரைக் கொட்டகையில் விட்டுவிட்டு அடுத்த பஸ்ஸில் போனேன்.

எல்லா நடத்துனரும் அப்படி இறங்கி வருவதில்லை. வலி மிகுந்த நாட்களில் இன்னமும் பத்மினிதான். போன வாரம் அதன் பாட்டரி இறங்கிவிட்டது. எந்தக் கம்பியை எங்கே மாட்டுவது என்று மகன் தொலைபேசியில் முக்கால் மணி நேரம் சொல்லிக்கொண்டிருந்தான்.