வண்டி நின்ற இடம்

ஒரு வீட்டில் யாருக்கு எந்த இடம் என்பதை அவ்வீட்டாரின் சொற்களைவிட அவ்வீட்டின் சுவர்கள் தெளிவாகச் சொல்லிவிடும். இவ்வுண்மையை நாங்கள் ஏட்டில் படித்து அறியவில்லை. எங்கள் வீட்டுக் கார்க்கொட்டகையை ஓர் அறையாக மாற்ற முற்பட்டபோது, சற்று வெட்கத்தோடுதான் கற்றுக்கொண்டோம். அந்த வெட்கத்தையும் மறைக்காமல் இங்கே எழுதுகிறோம். இதே வேலையை நாளை தொடங்க இருப்பவர்களுக்கு அது பயன்படக்கூடும்.

திருச்சியிலுள்ள எங்கள் வீடு 1974-இல் கட்டப்பட்டது. கீழே கூடமும் சமையலறையும், மேலே படுக்கையறைகள். வீட்டின் தென்சுவரை ஒட்டி, கிழக்கே தெருவைப் பார்த்தபடி ஒரு கார்க்கொட்டகை. உள்ளளவு 18 அடி நீளம், 10 அடி அகலம், 10 அடி உயரம். மேலே கான்கிரீட் தளம். முன்னால் இரும்பு இரட்டைக் கதவு. அப்பா வைத்திருந்தது அம்பாசடர் கார். ஏறத்தாழ 4.3 மீட்டர் நீளமும் 1.66 மீட்டர் அகலமும் கொண்ட அந்த வண்டியை ஒரு பக்கமாக நெருக்கி நிறுத்தினால்தான் மறுபக்கம் கதவைத் திறந்து தாராளமாக இறங்க முடியும். அப்பாவின் மறைவுக்குப் பின் வண்டியை விற்றோம். 2014-இல் உத்தர்பாரா ஆலையில் அம்பாசடர் உற்பத்தி நின்றது என்ற செய்தியை நாங்கள் படித்துக் காட்டியபோது, "நம்ம வீட்டுல அது முந்தியே நின்னுபோச்சே" என்றார் அம்மா. கொட்டகையில் அதன்பின் கால் உடைந்த நாற்காலிகளும் பழைய செய்தித்தாள் கட்டுகளும் குடியிருந்தன.

எங்களில் ஒருவருக்கு அவர் தாய், மற்றவருக்கு மாமியார், இருவருக்கும் அவர் அம்மாதான். 2021-இல் மாடிப்படியில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டார். அறுவை முடிந்து வீடு திரும்பியபோது, இனி மாடி ஏறக் கூடாது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். கூடத்தின் மூலையில் கட்டில் போட்டோம். வருவோர் போவோர் பார்வையிலெல்லாம் அவர் படுத்துக் கிடந்தார். சேலை மாற்றத் திரை கட்ட வேண்டியிருந்தது. வாழ்நாளெல்லாம் தன் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு தலைவாரிய ஒரு பெண், எண்பத்திரண்டாம் வயதில் கூடத்து மனிதரானார். அவர் முறையிடவில்லை. ஆனால் பேச்சுக் குறைந்துகொண்டே வந்தது.

அப்போதுதான் கொட்டகை எங்கள் நினைவுக்கு வந்தது. எங்களுக்குப் பழக்கமான மேஸ்திரியை அழைத்தோம். ஒரு தாளில் அவர் கோடு கிழித்தார். இரும்புக் கதவை எடுத்துவிட்டு முன்புறத்தைச் செங்கல்லால் அடைப்பது. பாதாளச் சாக்கடைத் தொட்டி முன்பக்கம் இருப்பதால் குளியலறையையும் முன்பக்கமே வைப்பது. அதன் ஓரமாக உள்ளே போக ஒரு கதவு. காற்றுக்குத் தெற்குச் சந்தின் பக்கம் 3 அடிக்கு 4 அடியில் ஒரு சன்னல். வீட்டுச் சுவரில் கை வைக்க வேண்டாம், செலவு குறையும், இருபது நாளில் முடிந்துவிடும் என்றார். எங்களுக்கு அது மிகவும் பிடித்துப்போயிற்று. வெற்றி என்பது குறைந்த செலவும் குறைந்த நாளும் என்றே அன்று எண்ணியிருந்தோம்.

அந்த ஞாயிறன்று அம்மாவின் தம்பி வந்திருந்தார். தாளை வாங்கிப் பார்த்தார். திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு, "மாப்பிள்ளை, வீட்டுக்குள்ள இருந்து அக்கா ரூமுக்குப் போக வழி எங்க?" என்று கேட்டார். முன்வாசல் வழியாக இறங்கிச் சுற்றித்தான் போக வேண்டும் என்றோம். "அப்ப மழை பெஞ்சா சோத்தைக் குடை பிடிச்சுக் கொண்டு போவீங்க, இல்லையா?" என்றார். குரலை உயர்த்தவில்லை. அதனாலேயே அது ஆழமாகத் தைத்தது.

அவர் போனபின் தாளை எடுத்துக்கொண்டு அம்மாவின் கட்டிலருகே உட்கார்ந்தோம். அறையைப் பற்றி அவரிடம் நாங்கள் பேசியது அதுவே முதல்முறை. வெட்கப்பட வேண்டிய செய்தி இதுதான். இரண்டு வாரமாக அளந்தோம், விலை விசாரித்தோம், ஓட்டின் நிறம்வரை பேசினோம். அந்த அறையில் வாழப் போகிறவரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அம்மா தாளைப் பார்க்கவில்லை. "ஏம்ப்பா, அதுல இருந்தா தெரு தெரியுமா?" என்று மட்டும் கேட்டார்.

தெரியாது. தெருவுக்கும் அவருக்கும் நடுவே குளியலறையை வைத்திருந்தோம்.

மாமா கேட்டது ஒரு கதவு. அம்மா கேட்டது ஒரு சன்னல். இவ்விரண்டும் எங்கள் திட்டத்தை முற்றிலும் தலைகீழாக்கின. உரிமம் பெற்ற பொறியாளர் ஒருவரை நாடினோம். அவர் முதலில் கேட்டது வீட்டின் அங்கீகரிக்கப்பட்ட வரைபடத்தை. வண்டி நிறுத்துமிடம் என்று காட்டப்பட்ட இடத்தை அனுமதியின்றி அறையாக்கினால் அது வரைபடத்துக்கு மாறான கட்டுமானமாகிவிடும். தமிழ்நாட்டில் 2019-ஆம் ஆண்டின் ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் வந்தபின், எவ்வளவு கட்டடத்துக்கு எவ்வளவு வண்டி நிறுத்துமிடம் என்ற கணக்கும் அவற்றில் உண்டு. ஆகவே முற்றத்தில் வண்டிக்கு இடம் காட்டித் திருத்திய வரைபடம் போட்டு அனுமதி பெற்றோம். அதற்கு இரண்டு மாதம் ஆயிற்று. மேஸ்திரி சொன்ன இருபது நாள் கணக்கு அங்கேயே முடிந்தது.

அடுத்தது உயரம். கொட்டகைத் தரை வீட்டுத் தரையைவிட ஓரடி தாழ்வு. வண்டி கழுவும் நீர் ஓடுவதற்காக வாசலை நோக்கிச் சரிவு வேறு. கைத்தாங்கியோடு நடப்பவருக்கு ஓரடிப் படி ஒரு மலை. தரையை ஓரடி உயர்த்தினால் மேலே 9 அடி, அதாவது 2.74 மீட்டர் மிஞ்சும். மனிதர் வாழும் அறைக்கு 2.75 மீட்டர் உயரம் வேண்டும் என்கிறது 2016-ஆம் ஆண்டின் தேசியக் கட்டட விதித்தொகுப்பு. பொறியாளர் சிரித்துக்கொண்டே, கால் அங்குலம் குறைத்து உயர்த்துவோம் என்றார். வண்டிக்கென்று கட்டிய இடம் மனிதருக்கு ஏற்றதாக மாறுவதற்கு இடையில் கால் அங்குலம் நின்றதை எண்ணி நாங்களும் சிரித்தோம்.

குளியலறையை மேற்கே, பின்பக்கம் கொண்டுபோனோம். 7 அடிக்கு 5 அடி. அங்கிருந்து முன்பக்கத் தொட்டிவரை 32 அடி. மலக்கழிவுக் குழாய்க்கு நாற்பது அடிக்கு ஓரடிச் சரிவு என்ற கணக்கில் ஏறத்தாழ 10 அங்குல இறக்கம் வேண்டும். உயர்த்திய தரை அதற்குக் கைகொடுத்தது. குழாயை அறைக்கு அடியில் விடாமல், அடைத்தால் எடுக்க வசதியாகத் தெற்குச் சந்தின் வழியே கொண்டுபோனோம். செலவு கூடியது. ஆனால் எதிர்பாராத ஒரு நன்மையும் வந்தது: திருச்சி வெயிலின் பிற்பகல் கடுமையை மேற்குச் சுவரில் இப்போது குளியலறை ஏற்றுக்கொள்கிறது, கட்டில் இருக்கும் பகுதி தப்பித்தது. குளியலறைக் கதவை வெளிப்புறமாகத் திறக்கும்படி வைத்தோம். உள்ளே யாரேனும் விழுந்துவிட்டால், உள்நோக்கித் திறக்கும் கதவு அவர்மேலேயே இடித்து நிற்கும் என்பதை அதுவரை நாங்கள் எண்ணிப் பார்த்ததில்லை.

வீட்டுக்கும் அறைக்கும் நடுவேயுள்ள பொதுச்சுவர் மாடியின் பாரத்தைத் தாங்கும் 9 அங்குலச் செங்கல் சுவர். அதில் சுத்தியலை எடுத்து ஓட்டை போட முடியாது. மேலே முட்டுக் கொடுத்து, சுவரின் கனத்தில் பாதி பாதியாக வெட்டி, இருபுறமும் முக்கால் அடி பதியும்படி லிண்டல் வைத்து, அது இறுகிய பிறகே கீழே வாசல் திறந்தார்கள். கைத்தாங்கியும், தேவைப்பட்டால் சக்கர நாற்காலியும் தடையின்றிப் போக, நிலைக்கு உள்ளே 90 சென்டிமீட்டர் தெளிவாக இருக்கும்படி பார்த்துக்கொண்டோம்.

இரும்புக் கதவு இருந்த இடத்தை அடைக்கும்போது இன்னொரு பாடம். அந்தத் திறப்பின் கீழே அஸ்திவாரமே இல்லை, வெறும் தரைதான். அதன்மேல் சுவர் எழுப்பினால் தரை அமுங்கும்போது சுவரும் வெடிக்கும். எனவே தோண்டி அஸ்திவாரம் போட்டோம். பழைய தரையில் நாற்பது ஆண்டு எஞ்சின் எண்ணெய் ஊறியிருந்தது. அதை வெட்டி எடுத்தோம். மணலைக் கொட்டித் தண்ணீர் விட்டுத் திமிசு போட்டு இறுக்கி, கரையான் மருந்து தெளித்து, ஈரம் ஏறாதிருக்கப் பிளாஸ்டிக் தாள் விரித்து, அதன்மேல் 4 அங்குலக் கான்கிரீட் போட்டோம். வண்டிக்கு ஈரமும் வெக்கையும் ஒரு பொருட்டில்லை என்பதால் கொட்டகைத் தளத்தின்மேல் அன்று ஒன்றுமே பதித்திருக்கவில்லை. இப்போது சுர்க்கி போட்டு, வெயிலைத் திருப்பி அனுப்பும் வெள்ளை ஓடு பதித்தோம்.

முன்சுவரில் ஒரு கதவு. அதன் பக்கத்தில் 4 அடி அகலமும் நாலரை அடி உயரமுமாக ஒரு சன்னல். வழக்கம்போல் மூன்றடி உயரத்தில் வைக்காமல், கட்டிலில் சாய்ந்திருப்பவர் கண்ணுக்கும் தெரு தெரியும்படி தரையிலிருந்து இரண்டடியில் வைத்தோம். தெற்குச் சந்தின் சன்னலும் இருந்ததால் காற்று நுழையவும் வெளியேறவும் வழி கிடைத்தது. ஈரமும் வெப்பமும் உள்ள ஊர்களில் சன்னல்களின் பரப்பு தரைப்பரப்பில் ஆறில் ஒரு பங்கு, வறண்ட வெப்பமுள்ள ஊர்களில் பத்தில் ஒரு பங்கு என்பது அதே விதித்தொகுப்பின் அளவு. எங்கள் முதல் தாளில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. மூச்சு முட்டும் ஒரு பெட்டியைத்தான் அன்று அவ்வளவு மகிழ்ச்சியோடு மடித்து வைத்திருந்தோம்.

வாசலிலிருந்து முற்றத்துக்கு ஓரடி இறக்கம். ஓரடிக்குப் பன்னிரண்டு அடி என்ற கணக்கில் சாய்தளம் அமைத்து, இருபுறமும் கைப்பிடிக் கம்பி வைத்தோம். மின்சாரத்துக்குப் பழைய ஒற்றை விளக்குக் கம்பியை நீட்டாமல், பிரதானப் பலகையிலிருந்து தனிக் கம்பி இழுத்து, எர்த்தும் கசிவு தடுக்கும் கருவியும் பொருத்தினோம். விளக்கு, மின்விசிறி, அழைப்பு மணி மூன்றின் சுவிட்சுகளும் படுத்தபடியே கைக்கு எட்டும்.

வண்ணம் பூச வந்த அன்று அம்மா இன்னொன்று கேட்டார். வடக்குச் சுவரில், புதிய வாசலுக்குச் சற்றுத் தள்ளி, எண்ணெய் மாற்றிய தேதிகளை அப்பா பென்சிலால் எழுதிவைத்திருந்தார். வரிசையாக, ஒன்றன்கீழ் ஒன்றாக. நாங்கள் அதைக் கவனித்ததே இல்லை. "அந்த ஒரு முழத்தை மட்டும் விட்டுடச் சொல்லு" என்றார். விட்டுவிட்டோம். வருவோர் அதைக் கறை என்றே நினைக்கிறார்கள்.

நான்கு மாத வேலை. நினைத்ததைப்போல இருமடங்கு செலவு. வெற்றியா என்று கேட்டால், கணக்குப் புத்தகம் ஒன்று சொல்லும், கிழக்குச் சன்னல் வேறொன்று சொல்லும். காலையில் கீரைக்காரம்மா அந்தச் சன்னலருகே கூடையை இறக்கி வைக்கிறார். பள்ளிக்குப் போகும் பிள்ளைகளின் பெயர்கள் எங்களைவிட அம்மாவுக்குத் தெரியும். மதியம் கதவைச் சாத்திக்கொண்டு தலைவாருகிறார். சாத்துவதற்கு ஒரு கதவும் திறப்பதற்கு ஒரு சன்னலும் ஒருவருக்கு எவ்வளவு பெரிய உடைமை என்பதை, இரண்டையும் அவரிடமிருந்து எடுத்துக்கொண்டிருந்த நாளில் நாங்கள் உணரவில்லை.

வயது முதிர்ந்தோருக்கென்று இடம் ஒதுக்க நினைக்கும் குடும்பங்கள் இன்று நம்மிடையே பல. அவர்களுக்கு எங்கள் அனுபவத்திலிருந்து சொல்லக்கூடியது இதுதான்: அளவுநாடாவை எடுப்பதற்கு முன், அங்கே வாழப் போகிறவரின் அருகே போய் உட்காருங்கள். வரைபடத்தின் முதல் கோடு அங்கேதான் இருக்கிறது.

அம்மா இன்றும் அவ்வறையை "ஷெட்டு" என்றுதான் சொல்கிறார். அறை என்று சொல்லுங்களேன் அம்மா, கேட்பவர்கள் எங்களைத் தவறாக நினைப்பார்களே என்று ஒருநாள் சொன்னோம். சன்னலிலிருந்து பார்வையைத் திருப்பாமலேயே பதில் சொன்னார்:

"நல்லாத்தான் கட்டியிருக்கீங்க. பத்திரமா வச்சுக்குங்க. நாளைக்கு உங்களுக்கும் ஆகும்."