அமானிதமும் அவசர விளக்கும்

சென்னையின் மேற்குப் புறநகரில் அடுத்தடுத்து அமைந்த ஊர்கள் அம்பத்தூரும் ஆவடியும். முன்னது தொழிற்பேட்டையால் பெயர் பெற்றது. பின்னது படைத்தளவாடத்தால் பெயர் பெற்றது. இவ்விரண்டோடும் தம் பொதுவாழ்வில் தொடர்பு கொண்டிருந்த பெருமகனார் நம் நாட்டின் எட்டாவது குடியரசுத் தலைவராக விளங்கிய ஆர். வெங்கட்ராமன். மாநில அமைச்சராக இருந்து, முப்படைக்கும் பொறுப்பான அமைச்சராகி, பின்னர் நாட்டின் நெருக்கடிகளில் இறுதிக் கையொப்பமிடும் நிலைக்கு உயர்ந்த அவர்தம் வாழ்வு, பதவி என்பது யாது என்னும் வினாவை என்னுள் பலகாலம் எழுப்பியதுண்டு.

தஞ்சை மாவட்டம் பட்டுக்கோட்டையை அடுத்த இராசாமடத்தில் 1910-ஆம் ஆண்டு டிசம்பர் 4-ஆம் நாள் பிறந்த அவர், வழக்கறிஞராகித் தொழிலாளர் சட்டத்தில் புலமை பெற்றார். 1942-ஆம் ஆண்டு ‘வெள்ளையனே வெளியேறு’ இயக்கத்தில் ஈடுபட்டு ஈராண்டுகள் சிறையிருந்தார். 1957-இல் பெருந்தலைவர் காமராசர் அழைக்க, நாடாளுமன்ற உறுப்பினர் பதவியைத் துறந்து சென்னை மாநில அமைச்சரவையில் சேர்ந்தார். தொழில், மின்சாரம், தொழிலாளர் நலம் முதலிய துறைகளை 1967 வரை பத்தாண்டுகள் ஏற்று நடத்தினார். 1958-இல் கிண்டியிலும் 1964-இல் அம்பத்தூரிலும் தொழிற்பேட்டைகள் தோன்றியது அக்காலத்தில்தான்.

நிலமும் சாலையும் மின்சாரமும் அரசு அமைத்துத் தந்தால், பெருமுதல் இல்லாதவனும் ஒரு கடைசல் இயந்திரத்தை வைத்துக்கொண்டு தொழில் தொடங்கலாம். தொழிற்பேட்டையின் தத்துவம் இதுவே. காலை வேளையில் பட்டரவாக்கம் நிலையத்தில் மின்தொடர் வண்டியிலிருந்து இறங்கிப் பட்டறைகளை நோக்கி விரையும் கூட்டத்தைப் பல்லாண்டுகளாகக் கண்டு வருகிறேன். நம் மாணவர் பலரின் கல்விக் கட்டணம் அப்பட்டறைகளில் ஈட்டப்பட்ட கூலியே.

ஆவடிக் கனரக வாகனத் தொழிற்சாலையோ நடுவணரசு நிறுவியது. அங்கு உருவான முதல் ‘விஜயந்தா’ டாங்கி 1965-இல் வெளிவந்தது. 1971-ஆம் ஆண்டுப் போரில் அவ்வகை டாங்கிகள் களம் கண்டன. 1982 சனவரியில் வெங்கட்ராமன் நடுவணரசின் பாதுகாப்புத் துறை அமைச்சரானபோது அவ்வாலையும் அவர் பொறுப்பில் வந்தது. ஏவுகணைகளை ஒன்றன்பின் ஒன்றாக உருவாக்கும் திட்டத்தை இராமேசுவரத்தின் மைந்தர் அப்துல் கலாம் முதலானோர் முன்வைக்க, அனைத்தையும் ஒருங்கே தொடங்குமாறு அவர் பணித்தார். 1983-இல் 388 கோடி ரூபாயில் ஒருங்கிணைந்த ஏவுகணைத் திட்டம் பிறந்தது. இச்செய்தியைக் கலாம் தம் ‘அக்கினிச் சிறகுகள்’ நூலில் பதிவு செய்துள்ளார். போர் வந்தபின் ஆயுதம் தேடாமல் அமைதிக் காலத்திலேயே ஆற்றலைத் திரட்டும் பாங்கு, தொழில் அமைச்சராக அவர் பழகிய பாங்கன்றோ?

எனினும் ஆயுதத்தை ஆக்குவது ஒன்று. அதனை ஏவுவது வேறொன்று. 1984 சூனில் அமிர்தசரசுப் பொற்கோயிலுள் படை புகுந்தபோது, எல்லை காக்க வேண்டிய விஜயந்தா டாங்கிகள் வழிபாட்டுத் தலத்தின் முன் நின்றன. அப்போதும் அவரே பாதுகாப்பு அமைச்சர். ஆயுதந்தாங்கியோரை வெளியேற்ற வேறு வழியில்லை என்றது அரசு. சீக்கியப் பெருமக்களுக்கோ அஃது ஆறாப் புண்ணாயிற்று. இறையில்லத்தின் மாண்பை உணர்ந்த எவரும் அந்நாளை எளிதில் கடந்து செல்ல இயலாது.

1987 முதல் 1992 வரை குடியரசுத் தலைவராக இருந்த அவர், அப்பதவியை அவசர விளக்குக்கு ஒப்பிட்டார். மின்சாரம் தடைப்பட்டால் அது எரியும். மின்சாரம் மீண்டால் அணைந்துவிடும். மின்சாரத் துறையை ஆண்டவர்க்கு ஏற்ற உவமை! நான்கு பிரதமர்களோடு பணியாற்றிய அக்காலத்தில், எக்கட்சிக்கும் பெரும்பான்மையில்லா வேளைகளில் அவ்விளக்கு நாட்டுக்கு ஒளி தந்தது. ஆனால் 1991 சனவரி 30-ஆம் நாள், ஆளுநரின் அறிக்கை இல்லாமலேயே தமிழக அரசைக் கலைக்கும் ஆணையிலும் அவர் கையொப்பமிட்டார். சட்டம் அதற்கு இடமளித்தது உண்மை. எனினும் மக்கள் ஏற்றிய விளக்கு எரிந்துகொண்டிருக்கையில் அவசர விளக்கு எதற்கு எனப் பலர் வினவினர். இத்தகைய ஆணைகளை நீதிமன்றம் ஆராயலாம் என 1994-இல் பொம்மை வழக்கில் உச்சநீதிமன்றம் வரையறுத்தது.

2009 சனவரி 27-ஆம் நாள் அவர் மறைந்தார். அவரைக் குறையற்றவர் எனப் போற்றவோ, குற்றவாளி எனத் தூற்றவோ நான் இதனை எழுதவில்லை. பதவி ஓர் அமானிதம் என்பது நம் மார்க்கம் கற்பிக்கும் பாடம். பிறர் பொருளைக் காத்து வைத்திருப்பவன் அதனை உரியவரிடம் குறையாது ஒப்படைக்கக் கடமைப்பட்டவன். நெருக்கடிக் காலத்து அதிகாரம் அவ்வமானிதங்களுள் மிகக் கடினமானது. ஏனெனில் அதைக் கையில் ஏந்தியவனைத் தடுப்பார் அவ்வேளையில் அருகில் இரார்.

மாணவச் செல்வங்களே! நாளை உங்களுள் சிலர் மாவட்ட ஆட்சியராகலாம், படையில் அதிகாரியாகலாம், வெள்ளமும் புயலும் வருங்கால் ஆணையிடும் இடத்தில் அமரலாம். அன்று உங்கள் கையொப்பத்தால் யார் வீட்டில் விளக்கு எரியும், யார் வீட்டில் அணையும் என்பதை எண்ணிப் பேனாவை எடுங்கள். அவசரம் தீர்ந்ததும் அதிகாரத்தை உரியவரிடம் ஒப்படையுங்கள். அத்தகைய நெஞ்சுறுதியை எல்லாம் வல்ல இறைவன் உங்களுக்கு அருள்வானாக!