எல்லை தாண்டிப் பார்த்த படம்

சினிமாவைப் பற்றி அபிப்பிராயம் சொல்வதற்குப் பட்டம் எதுவும் தேவையில்லை. காசு கொடுத்து டிக்கெட் வாங்கியவன் எவனும் விமர்சகனே. பௌதிகத்தில் முதுகலை படிக்கும் நான் அந்த உரிமையை நம்பித்தான் பேனாவை எடுத்திருக்கிறேன். 2025-ஆம் ஆண்டில் நான் பார்த்த மூன்று படங்களைப் பற்றி நண்பர்களுக்குச் சொல்ல ஆசை. இரண்டு தமிழ், ஒன்று கன்னடம்.

படங்களுக்குப் போகுமுன் ஊரைச் சொல்லிவிடுகிறேன். ஏனெனில், ஒரே படம் ஊருக்கு ஊர் வேறாகத் தெரிகிறது. என் ஊர் கௌதள்ளி. கொள்ளேகாலத்திலிருந்து ஹனூர், ராமாபுரம் வழியாக மாதேஸ்வரன் மலைக்குப் போகும் பாதையில் இருக்கிறது. முன்பு மைசூர் மாவட்டம். 1997 முதல் சாமராஜநகர் மாவட்டம். அதற்கும் முன்பு, 1956 நவம்பர் முதல் தேதி பிறக்கும் வரையில், கொள்ளேகாலம் தாலுகா சென்னை ராஜ்யத்தைச் சேர்ந்த கோயமுத்தூர் மாவட்டத்தில் இருந்தது. என் தாத்தாவின் தகப்பனார் பிழைப்புத் தேடி மேட்டூர்ப் பக்கத்துக் கொளத்தூரிலிருந்து இங்கே வந்தபோது, சேலம் மாவட்டத்திலிருந்து கோவை மாவட்டத்துக்குத்தான் வந்தார். பிறகு ஒரு நாள் காலையில், திண்ணையில் உட்கார்ந்த இடத்திலேயே, மைசூர் ராஜ்யத்துக்காரர் ஆகிவிட்டார். நாங்கள் குடிபெயர்ந்தோமா, எல்லை குடிபெயர்ந்ததா என்ற வழக்கு எங்கள் வீட்டில் இன்னும் தீரவில்லை.

முதலில் ‘டூரிஸ்ட் ஃபேமிலி’. மே முதல் தேதி வெளிவந்த படம். அபிஷன் ஜீவிந்த் என்ற இளைஞரின் முதல் முயற்சி. இலங்கையின் பொருளாதார நெருக்கடியில் வாழ வழியற்றுப் போன ஒரு குடும்பம் படகேறி ராமேஸ்வரத்தில் இறங்கி, சென்னையில் ஒளிந்து வாழ்கிறது. சசிகுமாரும் சிம்ரனும் பெற்றோராக வருகிறார்கள். அக்கம்பக்கத்தாரோடு பேச்சுக் கொடுக்காதீர்கள், உங்கள் தமிழே உங்களைக் காட்டிக் கொடுத்துவிடும் என்று உறவினர் எச்சரிக்கிறார். அந்த இடத்தில் கொட்டகையே சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. என் தமிழில் கன்னட வாடை வீசுகிறது என்று விடுதியில் சென்னை நண்பர்கள் கேலி செய்வார்கள். ஊரிலோ, என் கன்னடத்தில் தமிழ் வாடை வீசுகிறதாம்! பேச்சை மறைத்துக்கொண்டு வாழ்வது எத்தனை பெரிய பாரம் என்பதைப் படம் அழகாகக் காட்டுகிறது. குறையே இல்லையா? உண்டு. அந்தத் தெருவில் இருப்பவர் எல்லோரும் கடைசியில் நல்லவராகிவிடுகிறார்கள். உலகத்தில் எந்தத் தெரு அப்படி இருக்கிறது? ஆனாலும், அப்படி ஒரு தெரு இருக்கக் கூடாதா என்ற ஏக்கத்தோடு வெளியே வந்தேன். அது படத்தின் வெற்றிதான்.

அடுத்தது ‘தக் லைஃப்’. இந்தப் படத்தின் கதையை விட அது வெளியான கதை பெரியது. மே மாதம் சென்னையில் நடந்த விழாவில், தமிழிலிருந்து பிறந்ததே கன்னடம் என்ற பொருளில் கமல்ஹாசன் பேசினார். கர்நாடகத்தில் கண்டனம் எழுந்தது. அன்பினால் சொன்னேன் என்றார். மன்னிப்புக் கேட்க மறுத்தார். ஜூன் 5-ஆம் தேதி மற்ற மாநிலங்களில் படம் வந்தது, இங்கே வரவில்லை. தணிக்கைச் சான்று பெற்ற படத்தைத் தடுக்கக் கூடாது என்று ஜூன் 17-இல் உச்ச நீதிமன்றம் சொல்லியும், கர்நாடகக் கொட்டகைகளில் அது ஓடவேயில்லை.

ஆகவே நாங்கள் மேட்டூருக்குப் புறப்பட்டோம். நானும், பெரியப்பா மகனும், பக்கத்து வீட்டுக் கன்னட நண்பனும். மாதேஸ்வரன் மலையில் பஸ் மாறி, பாலாற்றைக் கடந்து, மேட்டூர் போய்ச் சேரும் வரையில் நண்பன் ஓயவில்லை. “உங்கள் ஆள் எங்கள் பாஷையை இப்படிச் சொல்லலாமா?” என்று கேட்டுக்கொண்டே வந்தான். மணிரத்னத்தின் படத்தை மட்டும் விடமாட்டானாம்!

அவன் கேள்விக்கு நான் சொன்ன பதிலை இங்கேயும் சொல்கிறேன். விஞ்ஞானம் படிப்பவன் கருத்தைச் சான்றோடு ஒட்டிப் பார்க்க வேண்டும். தமிழும் கன்னடமும் ஒரு பழைய திராவிட மூலத்திலிருந்து கிளைத்தவை என்பதே மொழியியலார் துணிபு. தாயும் மகளும் அல்ல, அக்காளும் தங்கையும். தங்கையை மகள் என்றால் அவள் கோபிப்பது நியாயம். ஆனால், கோபத்துக்காகப் படத்தை நிறுத்துவது நியாயமல்ல. கருத்துக்கு மறுப்புக் கருத்துத்தான், பூட்டு அல்ல. இன்னொன்றும் உண்டு, நண்பர்களே. சென்னை மேடையில் சொல்லும் ஒரு வார்த்தைக்கு எல்லையோரத்துத் தேநீர்க் கடையில் பதில் சொல்ல வேண்டியவர்கள் நாங்கள். அந்த வாரம் முழுவதும் என் அப்பா கடைத்தெருவில் தமிழைத் தணிந்த குரலில் பேசினார். யாரும் அவரை மிரட்டவில்லை. ஆயினும் குரல் தணிந்தது. மேடையேறுவோரும் சரி, கொடி பிடிப்போரும் சரி, அந்தத் தணிந்த குரலைக் கேட்பதில்லை.

சரி, படம் எப்படி? 1987-இல் வந்த ‘நாயகன்’ படத்துக்குப் பின் மணிரத்னமும் கமலும் மீண்டும் சேர்கிறார்கள் என்ற எதிர்பார்ப்பே அதற்கு எமனாயிற்று. தொடக்கம் பிரமாதம். மகனைப் போல் வளர்த்தவன் துரோகியாகும் இடம்தான் கதையின் உயிர். அது மனத்தில் பதியுமுன்பே ஓடிவிடுகிறது. திரும்பும்போது, “இதற்காகவா ராஜ்யம் தாண்டினோம்?” என்றான் நண்பன். வழியெல்லாம் சண்டையிட்ட இருவரும் அந்த ஒரு விஷயத்தில் ஏகமனதாக ஒன்றுபட்டோம்!

மூன்றாவது, ஜூலையில் வந்த ‘சு ஃப்ரம் சோ’ என்ற கன்னடப் படம். ஜே. பி. துமிநாட் இயக்கியது. கடலோரக் கிராமத்தில் ஓர் இளைஞனைச் சோமேஸ்வரத்துச் சுலோசனாவின் ஆவி பிடித்துவிட்டதாக ஊரே நம்புகிறது. கொள்ளேகாலத்தில் அம்மாவோடு பார்த்தேன். பெரிய நட்சத்திரங்கள் இல்லை. வயிறு குலுங்கச் சிரித்தோம். சிரிப்புக்கு நடுவே ஒரு பெண்ணின் துயரமும் சத்தமில்லாமல் வந்து உட்கார்ந்துகொள்கிறது. அதில் பேசும் கடலோரக் கன்னடம் எங்கள் ஊர்க் கன்னடக்காரர்களுக்கே புதிது. பக்கத்து இருக்கைக்காரர் அம்மாவிடம் ஒரு வசனத்துக்கு அர்த்தம் கேட்டார்! தமிழ்ப் பெண்மணி கன்னடருக்குக் கன்னடம் விளக்கிய பெருமையை அம்மா அப்பாயியிடம் சொல்லி இன்னும் ஓயவில்லை.

மூன்றையும் சேர்த்துப் பார்க்கையில் எனக்குத் தோன்றுவது இதுதான். மொழிகளுக்கு நடுவே மற்றவர்கள் வேலி போட்ட காலத்திலும் சினிமாக்காரர்கள் வாசல் வைத்திருக்கிறார்கள். ‘வீரபாண்டிய கட்டபொம்மன்’ எடுத்த பி. ஆர். பந்துலுதான் 1961-இல் ‘கித்தூர் சென்னம்மா’வையும் எடுத்தார். அதில் ராணியாக நடித்த சரோஜாதேவியைத் தமிழ்நாடு எப்படிக் கொண்டாடியது என்று சொல்ல வேண்டியதில்லை. 2025 ஜூலையில் அவர் மறைந்தபோது இரு மாநிலமும் அழுதன. பாலு மகேந்திரா முதலில் இயக்கிய படம் ‘கோகிலா’, 1977-இல் வந்த கன்னடப் படம். அதன் நாயகர் கமல்ஹாசன்! மணிரத்னத்தின் முதல் படமும் கன்னடமே. 1983-இல் வந்த ‘பல்லவி அனு பல்லவி’. இவற்றைச் சொன்னபோது, பஸ்ஸில் சண்டையிட்ட நண்பன் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, “இதைப் போகும்போதே சொல்லியிருக்கலாமே!” என்றான்.

சங்கத்தாருக்கு ஒரு யோசனை. இவ்வாண்டு நாம் ஒரு படக்காட்சி நடத்தலாம். கன்னட மாணவர்களையும் விருந்தினராக அழைக்கலாம். எந்த மொழிப் படம் என்று தகராறு வருமா? வராது. பெங்களூரில் எடுத்து 1987-இல் வந்த ‘புஷ்பக விமானா’ இருக்கிறது. தமிழ்நாட்டில் அதற்குப் ‘பேசும் படம்’ என்று பெயர். சிங்கீதம் சீனிவாசராவ் இயக்கத்தில் கமல்ஹாசன் நடித்த அந்தப் படத்தில் சண்டை பிடிப்பதற்கு ஒரு வசனம் கூடக் கிடையாது. எல்லோரும் ஒரே இடத்தில் சிரிக்கலாம். பேச்சைப் படம் முடிந்த பிறகு, தேநீரோடு, உரத்த குரலிலேயே வைத்துக்கொள்வோம்.