ஆளில்லாத் துவக்கு

"கட்டுத்துவக்கு வெடித்து ஒருவர் படுகாயம்." வன்னியிலிருந்து பத்திரிகைக்கு வரும் செய்திகளில் பல தசாப்தங்களாக மாறாத தலைப்பு இது. நெடுங்கேணி, ஒட்டுசுட்டான், துணுக்காய் என்று ஊர்ப்பெயர் மட்டுமே மாறும். விறகு வெட்டப் போனவர், தேன் எடுக்கப் போனவர், மாடு தேடிப் போனவர் என்று அடிபடுபவர் மாறுவார். பன்றியின் உயரத்துக்குக் குறி வைத்திருப்பதால், மனிதருக்குப் பெரும்பாலும் காலிலேதான் படும். உள்பக்கத்தில் நான்கு வரிகளாக அச்சிட்டு மறந்துவிடுவோம்.

புலம்பெயர்ந்த இளைய வாசகர்களுக்காகச் சிறு விளக்கம். குழல்வாய் வழியே மருந்தை இடித்து நிரப்பும் நாட்டுத் துவக்கை இடியன் என்பார்கள். அதையோ அதைவிட மலிவாக ஒட்டுவேலை செய்த ஒன்றையோ விலங்கு வரும் தடத்தில் கட்டிவைத்தால் அது கட்டுத்துவக்கு. ஏழை விவசாயி தன் ஆயுதத்துக்குச் செய்த ஆக மலிவான 'முன்னேற்றம்' அது. சுடுவதற்கு ஆள் தேவையில்லை. ஆள் போனதோடு, பன்றியா அயலவனா என்று பார்க்கும் கண்ணும் போய்விட்டது.

இங்கிலாந்தின் நிலப்பிரபுக்களும் திருட்டு வேட்டைக்காரருக்கு எதிராக இதேபோன்ற பொறித்துவக்குகளை வைத்தார்கள். 1827இல் அங்கே அது சட்டத்தால் தடுக்கப்பட்டது. இரவில் வீட்டைக் காப்பதற்கு மட்டும் விலக்கு இருந்தது. இலங்கையில் 1916ஆம் ஆண்டின் சுடுகலன் சட்டப்படி அனுமதிப்பத்திரம் இல்லாத துவக்குக் குற்றம். பயிர்க்காவலுக்கு முறைப்படி துவக்குப் பெறலாம்தான். ஆனால் அதன் விலையும் கச்சேரி அலைச்சலும் இரண்டு ஏக்கர் கச்சான் செய்பவருக்குக் கட்டுபடியாகாது.

சட்டத்தை மட்டும் சொல்லி முடித்தால் அது அரைச் செய்தி. முத்தையன்கட்டுப் பக்கம் ஒரு முதியவரிடம், "ஐயா, ஆரும் மனிசர் மிதிச்சால்?" என்று கேட்டேன். "தம்பி, பண்டி வாறது சாமத்திலை. இந்த வயதிலை எத்தினை நாளைக்கு நான் கண்முழிக்கிறது? பெடியள் ரண்டு பேரும் வெளிநாட்டிலை" என்றார்.

விடயம் அங்கேதான் இருக்கிறது. முன்பு அடுத்தடுத்த வயல்காரர் முறைவைத்துப் பரணில் காவலிருந்தார்கள். தகரம் தட்டினார்கள், தீ மூட்டினார்கள். போரும் இடப்பெயர்வும் அந்த ஆட்களைக் கலைத்தன. 2009க்குப் பின் மீளக்குடியேறியவர்கள் கண்டது பற்றைக்காடாகிய வயல்களை. பன்றி பெருகியிருந்தது, பரணுக்கு ஆள் இல்லை. வெளியேறிய மகனின் இடத்தில்தான் கட்டுத்துவக்கு வந்து நிற்கிறது.

2025 மார்ச் 15ஆம் திகதி அரசாங்கம் நாடெங்கும் ஐந்து நிமிடம் குரங்குகளையும் மயில்களையும் எண்ணச் சொன்னது. பயிரழிவு எவ்வளவு பெரிய சிக்கல் என்பதற்கு அது சான்று. ஆனால் பரணில் ஆள் இல்லாததை யாரும் எண்ணவில்லை.

வெளிநாட்டிலிருந்து ஊர்க்கோயில் கோபுரத்துக்குப் பணம் அனுப்புகிறோம், தவறில்லை. ஒரு போகத்துக்கு இரண்டு காவற்காரரின் கூலியும் நாலு வயலைச் சுற்றி வேலியும் அதைவிட மிகக் குறைந்த செலவு. விறகுக்குப் போகும் ஒருவர் இரண்டு காலோடு வீடு திரும்ப அது போதும்.