கதிருக்கும் தீட்டா?

புகுசிமா அணுஉலைகள் 2011இல் உருகியபோது ஊரைவிட்டு வெளியேறிய குடும்பங்களில் ஒன்று, யோகோகாமா நகரில் குடியேறிற்று. அக்குடும்பத்துச் சிறுவனை உடன்பயிலும் பிள்ளைகள் ‘கிருமி’ என்றழைத்து வதைத்தனர். செய்தி 2016இல் வெளியாயிற்று. அறிவியலில் உலகுக்கே ஆசானாகத்தக்க ஜப்பானிலா இந்தத் தீட்டு என்று திகைக்கலாம். திகைக்க நமக்கென்ன உரிமை? என் வீட்டிலேயே அது நடந்தது.

என் தாயாருக்குக் கருப்பையில் புற்று. கோபால்ட் கதிர் மருத்துவம் செய்தார்கள். 25 நாள் சென்று, சோர்ந்து, வீடு திரும்பியவருக்கு உறவினர் ஒருவர் தனித் தட்டும் தனிக் குவளையும் எடுத்து வைத்தார். “கரண்ட் வச்ச உடம்பு, பிள்ளைக்கு ஆகாது” என்று பேத்தியையும் மடியிலிருந்து தூக்கிக்கொண்டார். தாயார் மறுமொழி கூறவில்லை. கைகளை மடியில் கோத்துக்கொண்டார். தனிக் குவளை இந்த நாட்டில் வெறும் குவளையா? தேநீர்க் கடைகளில் அதைக் கண்டு கொதித்தவர்கள் நாம். அதே குவளை அறிவியல் வேடம் புனைந்து அடுக்களைக்குள் வந்து அமர்ந்தது!

கோபால்ட்-60 வீசும் காமாக் கதிர், ஒளியின் இனம்; கண்ணுக்குப் புலப்படாத, ஆற்றல் மிகுந்த ஒளி. விளக்கின் முன் நின்றவன் விளக்காகிவிடுவானா? கோபால்ட்டைக் கவசத்துக்குள் மூடிய நொடியே தாயாரின் உடலில் அக்கதிர் இல்லை. கதிர் படுதல் வேறு. கதிர் வீசும் பொருள் ஒட்டுதல் வேறு. வெயிலில் நிற்பதற்கும் சேற்றில் விழுவதற்கும் உள்ள வேற்றுமை அது.

அந்தக் கோபால்ட் பிறந்த இடமோ அணுஉலை! சாதாரணக் கோபால்ட்-59, உலைக்குள் ஒரு நியூட்ரானை விழுங்கிக் கோபால்ட்-60 ஆகிறது. நியூட்ரான் அங்கே ஏது? யுரேனியம்-235 அணுக்கருவை ஒரு நியூட்ரான் தாக்கினால் அது இரண்டாகப் பிளந்து, வெப்பத்தையும் இரண்டு மூன்று புதிய நியூட்ரான்களையும் தருகிறது. அவை அடுத்தடுத்த கருக்களைப் பிளக்கின்றன. வெப்பம் நீரை ஆவியாக்குகிறது, ஆவி சுழலியைச் சுழற்றுகிறது, மின்சாரம் பிறக்கிறது. நியூட்ரானை விழுங்கும் கட்டுப்பாட்டுக் கோல்களை உள்ளே செலுத்தினால் தொடர்பிளவு நிற்கும். வெப்பமோ நிற்பதில்லை! பிளந்த துண்டுகளான அயோடின், சீசியம் போன்றவை கதிர் வீசிச் சிதைந்துகொண்டே இருக்கின்றன. விறகை இழுத்த பின்னும் அடுப்பில் கனலும் தணலென்று கொள்க. ஊதி அணைக்க முடியாத தணல்.

புகுசிமாவைக் கெடுத்தது அந்தத் தணலே. நிலம் அதிர்ந்ததும் கோல்கள் நுழைந்தன, உலைகள் நின்றன. மூன்றாம் உலையின் வெப்ப ஆற்றல் 2381 மெகாவாட். நின்று ஒரு நாள் கழிந்தும் அதில் அரை விழுக்காடு, ஏறத்தாழ 12 மெகாவாட், எஞ்சியிருக்கும். ஆயிரம் வாட் நீர்க்கொதிப்பான்கள் 12,000ஐ ஒரே அண்டாவில் இட்டதற்கு ஒப்பு! ஆழிப்பேரலை டீசல் மின்னாக்கிகளையும் மின்பலகைகளையும் மூழ்கடித்தது. குளிர்நீர் செலுத்த மின்சாரமில்லை. மின்சாரம் ஆக்கும் ஆலையிலேயே இல்லை. மூன்று உலைகள் உருகின.

வெளிவந்த தூசு உடலில் ஒட்டினால் கருவி காட்டிவிடும். தோலில் ஒட்டியதைச் சோப்பும் நீரும் பெரும்பாலும் நீக்கிவிடும். அயோடின்-131 எட்டு நாளில் பாதியாகும். 80 நாளில் ஆயிரத்தில் ஒரு பங்காகும். சீசியம்-137 பாதியாக 30 ஆண்டு. அயோடின்-131 உட்கொண்ட தைராய்டு நோயாளியைக் குழந்தைகளிடமிருந்து சில நாள் விலகியிருக்கும்படி மருத்துவரே கூறுவார். அது அளந்து கூறும் கணக்கு. தீட்டுக்கும் பதினாறு நாள் கணக்குண்டே என்பீர்கள்; அதை அளந்த கருவி எதுவோ!

இவ்வளவு கூறியதால், ‘அச்சமே வேண்டாம்’ என்று தோளில் தட்டும் கூட்டத்தில் என்னைச் சேர்த்துவிட வேண்டாம். 1986 ஏப்ரல் 26 அன்று செர்னோபில் உலை வெடித்தது. அருகிருந்த பிரிப்பியத் நகரத்தார் மறுநாள் பிற்பகலில்தான் வெளியேற்றப்பட்டனர். அயோடின் படிந்த புல்லைப் பசு மேய்ந்தது. பாலைக் குழந்தைகள் பருகினர். அயோடினைத் தேடித் திரட்டுவது தைராய்டுச் சுரப்பியின் இயல்பு. பின்னாளில் ஆயிரக்கணக்கானோருக்கு அச்சுரப்பியில் புற்று. அண்டை நாடான போலந்தில் சில நாள்களுக்குள் ஒரு கோடிக்கு மேற்பட்ட குழந்தைகளுக்குக் கதிரற்ற அயோடின் கரைசலைப் புகட்டினர். சுரப்பி முன்னரே நிரம்பிவிட்டால் கதிர் அயோடினுக்கு அங்கே இடமேது? சோவியத் ஊர்கள் பலவற்றிலோ, ‘இந்தப் பாலைப் பிள்ளைகளுக்குக் கொடுக்காதீர்’ என்று தாய்மாரிடம் உரிய வேளையில் கூற எவரும் வரவில்லை.