ஆயிரங் கன்றுத் தறை

யாழ்ப்பாணத்துத் தோட்டக்காரன் புகையிலை நடும் நிலத்தை ஏக்கரிற் சொல்வது அரிது. ஆயிரங் கன்றுத் தறை, இரண்டாயிரங் கன்றுத் தறை என்றே சொல்வான். நிலத்தின் நீள அகலத்தைக் காட்டிலும், அது எத்தனை கன்றுகளைத் தாங்கும் என்பதே அவனுக்குக் கணக்கு. குப்பிளானிலே செம்மண் தோட்டமொன்று அவ்வாறு இரண்டாயிரங் கன்றுத் தறையாக மூன்று தலைமுறையாய் ஒரு குடும்பத்திடம் இருந்து வந்தது. அந்தக் குடும்பத்தின் கடைசிப் பிள்ளை பேராதனையில் வரலாறு படிக்கப் போனவன். மண்வெட்டியின் பிடியை அவன் சரிவரப் பிடித்தறியான்.

2020ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில், பெருந்தொற்றின் காரணமாகப் பல்கலைக்கழகங்கள் மூடப்பட்டபோது அவன் வீடு திரும்பினான். தோட்டத்திலே புகையிலை வெட்டுக்கு முற்றி நின்றது. சில நாட்களுள் ஊரடங்கு வந்தது. தாவடிக் கிராமம் தனிமைப்படுத்தப்பட்டது. கூலிக்கு வருவோர் எவரும் வரவில்லை. எழுபத்தெட்டு வயதான அப்பு கத்தியை எடுத்துக்கொண்டு தனியே தோட்டத்தில் இறங்கினார். வெட்கத்தினாலேயே பேரன் பின்னாற் போனான்.

இரண்டாம் நாள் அதிகாலை, பனி காயுமுன், வெட்டிய இலைகளை வெறும் மேலோடு தோளிற் சுமந்து அவன் கொட்டிலிற் சேர்த்தான். வெயில் ஏறும்பொழுது தலை சுற்றிற்று, வயிறு புரண்டது, கிணற்றடியிலே வாந்தி எடுத்துவிட்டுச் சரிந்துவிட்டான். தாய் நடுங்கிப்போனாள். அந்த நாட்களில் ஒருவனுக்கு உடம்பு சரியில்லையென்று அயலிற் கதை பரவினாற் போதும், வேலிக்கு வேலி கதவு சாத்தப்படும். அப்பு வந்து பேரனின் கையை மோந்து பார்த்தார்.

"கொரோனா இல்லைப் பிள்ளை, இது போயிலை வெறி. ஈர இலையை மேலிலை போட்டால் இப்பிடித்தான். சவுக்காரம் போட்டு முழுகச் சொல்லு" என்றார்.

அவர் சொன்னது மருத்துவ உலகமும் அறிந்த செய்தியே. இலையிலுள்ள நிக்கொற்றின் பனிநீரிற் கரைந்து தோலினூடாக உடம்பினுள் இறங்குகிறது. வாழ்நாளில் ஒரு சுருட்டையேனும் பற்றவைத்தறியாத பிள்ளையைப் புகையிலை இவ்வாறு முதன்முதலாகத் தீண்டிற்று. மறுநாள் நீளக்கைச் சட்டை அணிந்து, பனி காய்ந்தபின் இறங்கினான். அதுவே அவன் கற்ற முதற் பாடம்.

வரலாற்று மாணவனாதலின், அவன் தன் கைகளிற் படிந்த பிசினுக்கும் ஒரு வரலாறு தேடினான். அமெரிக்கக் கண்டத்துச் செடியான புகையிலை போர்த்துக்கேயர் காலத்திற் கீழைத்தேயங்களிற் பரவியது. 1619இல் யாழ்ப்பாண இராச்சியம் அவர்கள் கையில் வீழ்ந்தது. 1658இல் ஒல்லாந்தர் வந்தனர். ஆட்சிகள் மாறின, செடி வேரூன்றிவிட்டது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் திருவிதாங்கூர் அரசு புகையிலை வணிகத்தைத் தன் தனியுரிமையாக வைத்திருந்த காலத்தில், குடாநாட்டுப் புகையிலை அங்கு தோணியேறிச் சென்றது. மலையாளத்துக்குச் சென்ற இலை வெற்றிலையோடு மெல்லப்பட்டது. உள்நாட்டில் நின்ற இலை கொக்குவில் முதலிய இடங்களின் சுருட்டுக் கொட்டில்களுக்குச் சென்றது. சுருட்டுச் சுற்றுவோர் வரிசையாக அமர்ந்திருக்க, ஒருவர் பத்திரிகையை உரத்து வாசிக்கும் வழக்கம் அக்கொட்டில்களில் இருந்ததென முதியோர் இன்றும் கூறுவர். தென்னிலங்கைப் பட்டினங்களிற் சுருட்டுக்கடை வைத்தோர் அனுப்பிய பணமும், தோட்டத்திற் சிப்பங் கட்டி விற்ற பணமும் எத்தனை பிள்ளைகளின் பள்ளிக் கட்டணமாயின! தமிழ்ப் புலவனையும் இச்செடி விட்டுவைக்கவில்லை. சீனிச்சர்க்கரைப் புலவர் புகையிலையையே தூதாக விடுத்துப் பாடிய நூலை 1939இல் உ. வே. சாமிநாதையர் பதிப்பித்தார். சுதந்திரத்தின் பின் இந்தியாவின் இறக்குமதிக் கட்டுப்பாடுகளால் மலையாளச் சந்தை தேய்ந்தது. இன்று அதே கடலில் எதிர்த்திசையாக வள்ளம் ஓடுகிறது. கரையோரத்திற் பிடிபட்ட 'கேரள கஞ்சா' பற்றிய செய்தி யாழ்ப்பாணப் பத்திரிகைகளுக்குப் பழகிப்போன ஒன்று.

இவ்வளவும் அவன் பெருமையோடு எழுதி வைத்துக்கொண்ட குறிப்புகள். குறிப்பில் எழுதாத ஒன்றும் உண்டு. அவனுடைய அம்மம்மா 2018இல் கன்னத்திற் புற்றுநோய் கண்டு இறந்தார். மணமான நாள் தொட்டு வெற்றிலையோடு தோட்டத்துப் புகையிலையில் ஒரு துண்டு கிள்ளி வைப்பது அவர் வழக்கம். வைத்தியர் காரணத்தை ஒளிக்கவில்லை. மெல்லும் புகையிலை வாய்ப்புற்றை விளைக்கும் என்பது ஐயத்துக்கு இடமின்றி நிறுவப்பட்ட உண்மை; பாக்கும் அத்தகையதே. செத்தவீட்டின் பின் அப்பு அந்த வெற்றிலைத் தட்டத்தைத் துலக்கிப் பரணில் வைத்தார். அது பற்றி அவர் ஒன்றும் பேசியதில்லை. அந்த ஆண்டும் ஐப்பசியில் நாற்றுமேடை போட்டார்.

2020 ஐப்பசியில் அவரால் குந்தியிருக்க முடியவில்லை. விதைப் போத்தலைப் பேரனிடம் கொடுத்தார். புகையிலை விதை தூசி போன்றது. ஒரு கிராமிற் பத்தாயிரத்துக்குக் குறையாது. கையால் வீசினால் ஓரிடத்திலேயே குவியும். ஆதலாற் சாம்பலோடு கலந்து தூவ வேண்டும். மண்ணைத் தடித்து மூடலாகாது, வெளிச்சம் படாவிட்டால் முளை வராது. எறும்பு காவிச் செல்லும், வெயில் கருக்கும், பெருமழை அடித்துச் செல்லும். ஓலையால் மறைத்து, காலை மாலை பூவாளியால் நீர் தெளித்து, ஏறத்தாழ நாற்பது நாட்கள் கைப்பிள்ளைபோற் காக்க வேண்டும்.

இதனைக் கேள்வியுற்ற விடுதி நண்பனொருவன் தொலைபேசியிற் சிரித்தான். மேனாடுகளில் வீட்டறைக்குள்ளே மின்விளக்கைச் சூரியனாக்கிச் சட்டியிற் கஞ்சா வளர்க்கிறார்களாம். இத்தனை பாட்டை அதற்குப் பட்டால் ஆகாதா என்றான். கனடா 2018 முதல் வீட்டுக்கு நான்கு செடியை அனுமதித்திருப்பது உண்மையே. பின்னர் 2024இல் ஜேர்மனியும் வளர்ந்தோருக்கு மூன்று செடியை அனுமதித்தது. இலங்கையிலோ 1929ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டம் முதல் கஞ்சாச் செய்கை தண்டனைக்குரிய குற்றம். இதை விளையாட்டாக அப்புவிடம் சொன்னபோது அவர் சிரிக்கவில்லை. "அதுக்குப் பொலிசு வரும். இதுக்கு வரி வாங்குவான். செடிக்கு இந்த வித்தியாசம் தெரியுமோ?" என்று கேட்டுவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டார். அம்மம்மாவின் சாவைப் பற்றி அவர் பேசியதென்று கொள்ளத்தக்கது அவ்வொரு வார்த்தையே.

டிசம்பர் தொடக்கத்திற் புரெவிப் புயல் வந்தது. திருகோணமலைக்கு வடக்கே கரையேறிய புயல் குடாநாட்டில் நாட்கணக்காக மழையைக் கொட்டியது. மேடையை ஒரு சாண் உயர்த்தும்படி அப்பு சொல்லியிருந்தார்; பேரன் நான்கு விரலோடு நிறுத்தியிருந்தான். நீர் வடிந்தபோது நாற்றுகள் அடித்தண்டு அழுகிச் சாய்ந்து கிடந்தன. அவன் மேடையருகே வெகுநேரம் நின்றான். அப்பு ஏசவில்லை. 1995இலும் இப்படித்தான், மேடையில் விதை முளைத்த நேரம் ஒக்ரோபர் 30 இரவு வலிகாமம் முழுவதும் நடந்து வெளியேறியது, அந்த ஒரு வருடந்தான் தறை வெறுமனே கிடந்தது என்று மட்டும் சொன்னார். பின்னர், மேட்டுநிலத்தில் மேடை போட்டிருந்த அயலவரிடம் கன்று கேட்கச் சொல்லி அனுப்பினார்.

இரண்டாயிரத்துக்குப் பதிலாக ஆயிரங் கன்றே கிடைத்தது. குழை தாட்ட மண்ணில், மாலைப் பொழுதில், மூன்றடிக்கு ஒன்றாக நட்டான். இறைப்பு முறை தவறாமல் நடந்தது. கடலோரத்து உவர்க் கிணற்று நீர் பாய்ந்த இலை சுருட்டுக்கு உதவாது, பற்றியெரியாது என்பதையும் அப்போதுதான் அறிந்தான். குப்பிளான் நீர் நல்லநீர். செடி பூக்க எத்தனிக்கும்போது நுனியை முறிக்க வேண்டும். வேரிலே ஊறும் நிக்கொற்றின் அதன்பின் பூவுக்கும் விதைக்குமன்றி இலைக்கே மிகுதியாகச் சேரும்; இலை தடிக்கும், காரம் ஏறும். கணுவிற் கிளைக்கும் அரும்புகளை வாரந்தோறும் கிள்ள வேண்டும். ஒவ்வொரு நுனியையும் முறிக்கும்போது தான் செய்வது இன்னதென்பதை அவன் அறிந்தே செய்தான். கை நிற்கவில்லை. தங்கையின் பரீட்சைக் கட்டணமும் கூரை வேலையும் அந்தத் தறையையே பார்த்துக்கொண்டிருந்தன.

வெட்டிய இலையைப் புகைக்குடிலிற் கட்டித் தொங்கவிட்டு, பொச்சும் ஊமலும் எரித்துப் புகையூட்டினார்கள். நிறம் பார்த்து நெருப்பைக் கூட்டுவதும் தணிப்பதும் அப்புவின் வேலை. குடில் வாசலிற் கதிரை போட்டு இருந்தபடியே சொன்னார். வியாபாரி வந்தார், விரித்துப் பார்த்தார், குறை சொன்னார், வாங்கிப் போனார். கூரை வேயப்பட்டது.

விதைக்கென நுனி முறிக்காமல் விட்ட மூன்று செடிகள் மட்டும் இளஞ்சிவப்பாகப் பூத்துக் காய்த்தன. காய்ந்த காய்களைக் கசக்கி, புடைத்து, பழைய மருந்துப் போத்தலொன்றில் நிரப்பி, அப்பு அதனைப் பேரனிடம் கொடுத்தார். அவன் அதைத் தன் புத்தக அலுமாரியில் வைத்தான்.

2021 மே மாதத்தில் இரசாயன உர இறக்குமதி தடைசெய்யப்பட்டது. அந்த ஐப்பசியில் உரமில்லை என்பது மேடை போடாமைக்கு ஒரு நியாயமாயிற்று. அப்பு கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை. 2022 மாசியில் அவர் காலமானார். தறையில் இப்போது வெங்காயமும் பீற்றூட்டும் நிற்கின்றன. புகையிலையில் வந்ததைப்போல அவற்றிற் கையிற் காசு நிற்பதில்லை. குடிலின் கூரை இறங்கிவிட்டது. போத்தல் அலுமாரியிலேயே இருக்கிறது. நன்றாக உலர்ந்த புகையிலை விதை பல ஆண்டுகளுக்கு உயிரோடிருக்கும். தாய் அலுமாரியைத் துடைக்கும் நாட்களில் அதனைக் கையிலெடுத்து, சேலைத் தலைப்பால் துடைத்து, மூடி இறுக்கமாயிருக்கிறதா என்று திருகிப் பார்த்து, இருந்த இடத்திலேயே வைத்துவிடுகிறாள்.